மடுவில் பேசக்கூடாது

அந்த மனிதரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்பீக்கர் என்றுதான் சொல்வார்கள். படகுத்துறையில் நின்றுகொண்டு பக்கத்தில் இருப்பவனிடம் "டீ குடிச்சியா" என்று அவர் கேட்டால், ஐஸ் ஃபாக்டரிக்குள் வேலை செய்கிறவன் "குடிச்சாச்சு" என்று பதில் சொல்வான். குளிக்கிற வெந்நீர் கொஞ்சம் ஆறியிருந்தால் தெருக்கோடிவரைக்கும் சேதி போய்விடும். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரோடு தினமும் சண்டை. "எதுக்கு போன்? ஜன்னலத் திறந்து பேசினாலே மகளுக்குக் கேக்கும்" என்பாள் அவர் மனைவி. மகள் இருப்பது எட்டு மணி நேர ரயில் தூரத்தில்.

அப்பேர்ப்பட்ட ஆள் குளிர்த் தண்ணீரில் விழுந்தபோது ஒரு வார்த்தை கத்தவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவர் மனைவி நம்பவில்லை. பதினோரு நாளாக நம்பவில்லை.

படகில் இருந்தது இரண்டே பேர், ஸ்பீக்கரும் அவர் தம்பியும். தம்பிக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது, முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது, இன்னும் சின்னவன் என்றுதான் பெயர். ஸ்பீக்கரின் மனைவி இந்த வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்தபோது அவன் ஒன்பது வயதுப் பையன், தாய் இல்லாதவன். தலையில் பேன் பார்த்ததும், பல் விழுந்தால் கூரையில் எறிந்ததும், பள்ளிக்கூடத்துக்கு அடித்து விரட்டியதும் அண்ணிதான். பிறகு அவனுக்கு ஒரு கல்யாணம் நடந்தது, இரண்டு வருஷத்தில் முறிந்தது. மறுபடியும் அண்ணன் வீட்டுப் பின்னறைக்கே வந்து சேர்ந்தான். அண்ணியை விட்டால் அவனுக்கு வேறு ஆள் கிடையாது. இதைச் சொல்லிவிட்டால் அவன் ஏன் பொய் சொன்னான் என்பதில் பாதி விளங்கிவிடும்.

மீதி விளங்க வேண்டுமென்றால் குளிர்காலத்து மீன்பிடிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கோடையில் அந்த வளைகுடா முழுக்க மீன். எந்தச் சோம்பேறியும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டிலை வீசினால் நாலு மீனோடு வீடு திரும்பலாம். வாடைக்காற்று வந்துவிட்டால் கதையே வேறு. இரண்டு நாள் விடாமல் அடித்து வளைகுடாவின் தண்ணீரை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும். நேற்று படகு ஓடிய இடமெல்லாம் இன்று சேறாகக் கிடக்கும். மிச்சம் இருக்கிற தண்ணீரில் கையை வைத்தால் எலும்பு வலிக்கும். மீனெல்லாம் மேட்டுப்பகுதிகளை விட்டுவிட்டு, கால்வாய் வளைகிற இடத்தில் இருக்கிற ஒரே பள்ளத்துக்குள் போய் அடைந்துகொள்ளும். ஆறு ஆள் ஆழம் இருக்கும் அந்தப் பள்ளம். அடியில் தண்ணீருக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு உண்டு. அதைத்தான் மடு என்பார்கள். தை மாசி முடிகிறவரை துறையில் இருக்கிற நாற்பது வீட்டுக்கும் அந்த ஒரு மடுதான் சோறு போடும்.

காற்று அடிக்கிற நாளில் மடுவுக்குப் போவது வீண். காற்று நின்ற முதல் நாளும் வீண், இரண்டாம் நாளும் வீண். மூன்றாம் நாள், வெயில் ஏறிய பிறகு, தண்ணீர் வற்றுவது நின்று ஏறத் தொடங்குகிற அந்த இரண்டு மணி நேரம்தான் மீன் வாய் திறக்கும். அப்போதும் கவ்வி இழுக்காது. இழுக்க அதற்குத் தெம்பு ஏது? ஒரு துண்டு இறால் அதன் மூக்குக்கு நேரே மெதுவாக ஊர்ந்து வந்தால் வாயில் வாங்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். மேலே இருக்கிறவனுக்குத் தெரிவதெல்லாம் தூண்டில் நரம்பில் ஒரு சின்னக் கனம். அந்தக் கனத்தை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகக் கையுறையில் ஆள்காட்டி விரலை மட்டும் வெட்டி விட்டிருப்பார்கள். கனம் ஏறியது என்று வெடுக்கென்று இழுத்தால் போச்சு. மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சத்தம் போடக்கூடாது. குளிரில் தண்ணீரில் பாசியும் இல்லை, கலங்கலும் இல்லை, அடிவரை தெரியும். மீனுக்கும் மேலே இருப்பது தெரியும். கத்தி ஒன்று பலகையில் விழுந்தால் போதும், மொத்தக் கூட்டமும் மடுவை விட்டுக் கிளம்பிவிடும். அது திரும்பி வருவதற்குள் அடுத்த வாடை வந்துவிடும், நாற்பது வீட்டு அடுப்பும் சும்மா கிடக்கும். அதனால் தூரத்தில் நட்டிருக்கும் இரும்புக் கம்பத்துக்கு அருகிலேயே மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். துடுப்பு மாட்டுகிற வளையத்தில் துணி சுற்றியிருக்கும். படகுக்குள் பழைய கம்பளம் விரித்திருக்கும். நங்கூரத்தைப் போட மாட்டார்கள், கயிற்றைப் பிடித்து இறக்குவார்கள். இருமல் வந்தால் தோளுக்குள் இருமிக்கொள்ள வேண்டும். ஒருவன் தவறிப்போய்ச் சத்தம் செய்துவிட்டால், மற்றவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இரண்டு முறை கீழே அமுக்குவான். சும்மா இரு என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் சத்தம் செய்ய மாட்டார்கள்.

பதினைந்து வயதில் சின்னவன் மடுவில் ஒரு டப்பா மூடியைக் கீழே போட்டான். ஸ்பீக்கர் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தார். ஸ்பீக்கர் ஒரு வாரம் பேசாமல் இருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னவன் ஏழாம் நாள் அழுதுவிட்டான்.

அன்று வாடை நின்ற மூன்றாம் நாள். நல்ல வெயில், காற்று ஒரு பொட்டு இல்லை. சின்னவன் படகின் முன்பக்கத்தில், ஸ்பீக்கர் பின்பக்கத்தில், முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். இருவரின் நரம்பும் சிக்காமல் இருக்க அப்படித்தான் உட்காருவது வழக்கம். ஒரு மணி நேரத்தில் அண்ணனுக்கு மூன்று மீன், சின்னவனுக்கு ஒன்றும் இல்லை. கால் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

படகு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிமிர்ந்தது. வாளியைத் தண்ணீருக்குள் இறக்குகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் மீனுக்குத் தண்ணீர் மொள்கிறார் என்று நினைத்துக்கொண்டான். சரியாக அந்த நேரம் அவன் விரலில் கனம் ஏறியது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான். மூன்று எண்ணும்போது பின்னால் பலகையில் டொக், டொக் என்று இரண்டு தட்டு.

அவனுக்குக் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனுஷன், தனக்குக் கனம் ஏறியிருக்கிற நேரம் பார்த்து இப்படித் தட்டுகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. திரும்பவில்லை. இடது கையைப் பின்னால் நீட்டி இரண்டு முறை அமுக்கினான்.

சத்தம் நின்றது. அவன் நான்கு, ஐந்து எண்ணி மீனைத் தூக்கினான். பெரிய மீன். குளிரில் மரத்துப்போன மீனை மேலே கொண்டுவர இரண்டு மூன்று நிமிஷம் பிடித்தது. அதைப் படகுக்குள் போட்டு, பார்த்தியா என்பதுபோல் சிரித்த முகத்தோடு திரும்பினான். பின்பக்கம் காலியாக இருந்தது. அண்ணனின் கம்பளித் தொப்பி தண்ணீரில் நாலு முழம் தள்ளி மிதந்துகொண்டிருந்தது.

அன்று மடுவில் அவன் கத்திய கத்தலைத் துறையில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த மடுவில் மனிதக் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை என்கிறார்கள்.

போலீஸ் ஆபீசர் கேட்டபோது சின்னவன் சொன்னான்: "ஒரு சத்தமும் கேக்கல சார். திரும்பிப் பாத்தேன், ஆள் இல்ல." ஆபீசர் தலையாட்டினார். இந்தக் குளிரில் விழுந்தால் மூச்சு அடைத்துவிடும், வாயைத் திறந்தாலும் குரல் வராது, தொடைவரைக்கும் இருக்கிற ரப்பர் பூட்ஸில் தண்ணீர் ஏறினால் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி என்று அவரே மீதியைச் சொல்லிக்கொடுத்தார். அதையே சின்னவன் அண்ணியிடமும் சொன்னான். தட்டியதைச் சொல்லவில்லை. கையைக் காட்டியதைச் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லாமல் விட்டதை இரண்டாம் நாள் சொல்வது கஷ்டம், ஐந்தாம் நாள் சொல்வது முடியாத காரியம். அவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தான். நெஞ்சுக்குள் அந்த இரண்டு தட்டும் ஓயவில்லை.

டைவர்கள் வந்தார்கள். துறைக்காரர்கள் கயிற்றில் பாதாளக் கரண்டிகளைக் கட்டி இறக்கி, மடுவுக்குள் முன்னும் பின்னும் இழுத்தார்கள். அடியில் மூழ்கிக் கிடக்கிற மரங்களில் கரண்டி மாட்டிக்கொண்டதே தவிர, ஆள் கிடைக்கவில்லை. கோடையாக இருந்தால் மூன்றாம் நாள் தானாக மேலே வந்துவிடும். குளிரில் அந்தக் கணக்கு கிடையாது. தண்ணீர் சூடாகிறவரை உள்ளேயே கிடக்கும், ஒரு மாதமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். இது துறையில் எல்லோருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும், யாரும் அவள் முன்னால் சொல்லவில்லை. எட்டாம் நாள் மறுபடியும் வாடை கிளம்பியது. தேடியவர்கள் அதையே சாக்காக வைத்து மூட்டையைக் கட்டினார்கள். மகள் வந்திருந்தாள், அழுதாள், வேலைக்கு லீவு இல்லை என்று திரும்பிப் போனாள்.

பதினோராம் நாள் மத்தியானம் மீனவர் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டைவிரல் கிழிந்த காலுறையோடு சமையலறைக்குள் வந்து நின்றார். அண்ணி மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு தூண்டில் முள்ளுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்து முள் கடுகு கடுகாக இருக்கும். துறையில் பாதிப் பேருக்கு அவள்தான் கட்டிக் கொடுப்பாள். புருஷன் போன இரண்டாம் நாளே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள்.

"டீ போடட்டுமா?"

"வேண்டாம்மா." தலைவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "சரி, போடு. கொஞ்சமா."

சின்னவன் எழுந்து கெட்டிலை அடுப்பில் வைத்தான்.

"டைவருங்க ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"தண்ணி சூடானா தானா வந்துடுவாராம். ரயில் வர்ற நேரத்தைச் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறான் அந்தப் பையன்."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். ஜன்னலைப் பார்த்தார். "வாடை நின்னு இன்னைக்கு ரெண்டாவது நாள்."

"தெரியும்."

"நாளைக்கு மூணாவது நாள்."

"எனக்கும் எண்ணத் தெரியும். சொல்ல வந்ததைச் சொல்லுங்கண்ணே. அவர் இருந்திருந்தா இதுக்குள்ள நாலு தடவை சொல்லி முடிச்சிருப்பார்."

தலைவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "யாரும் மடுப்பக்கம் போகலம்மா. நீ ஒரு வார்த்தை சொல்லாம போகவும் மாட்டாங்க. உன் வீட்டு ஆள் உள்ள கிடக்கும்போது அங்க தூண்டில் போட எவனுக்கும் மனசு வராது. ஆனா வேற எங்கயும் மீன் இல்ல. பாலத்துக்கு அடியில போட்டுப் பாத்துட்டோம். பாறைப் பக்கம் பாத்துட்டோம். வெளிக்கடலுக்குப் போன ரெண்டு படகும் உடைஞ்சு வந்து நிக்குது. என் வீட்டையே எடுத்துக்கோ, மூணு நாளா வெறும் கஞ்சி. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டை நெனச்சுப் பாரு."

"அவர் கிடக்கிற தண்ணியில தூண்டில் போடணும்ங்கிறீங்க."

"அப்படிச் சொல்லாதம்மா."

"வேற எப்படிச் சொல்றது? நீங்க சொல்லிக் குடுங்க, அப்படியே சொல்றேன்."

தலைவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நல்ல மனிதர். எட்டு நாளும் பாதாளக் கரண்டி இழுத்து அவர் உள்ளங்கை இரண்டும் பிய்ந்து கிடந்தன. அண்ணி அதைப் பார்த்தாள். முள்ளையும் நரம்பையும் கீழே வைத்தாள்.

"உங்க மேல கோபம் இல்லண்ணே. நீங்க கேக்காம யார் கேப்பா? நாளைக்கு நான் மடுவுக்குப் போறேன். இவன் கூட. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

கெட்டிலைத் தூக்கப்போன சின்னவன் அப்படியே நின்றான். "நீங்க எதுக்கு அண்ணி? அந்தக் குளிர்ல?"

"நான் பாக்கணும்."

"பாக்க என்ன இருக்கு? வெறும் தண்ணி."

"எறும்பு கடிச்சாத் தெருவக் கூட்டுற மனுஷன், தண்ணியில விழுந்து கத்தலையாம். மூச்சு அடைச்சிருக்கும்னு ஆபீசர் சொல்றான். சரி, ஒத்துக்கறேன். வாய் அடைச்சுது. கை? கை இருந்துச்சுல்ல? படகுக்குப் பக்கத்துல விழுந்த ஆள் படகப் பிடிக்க மாட்டாரா? தட்ட மாட்டாரா? தட்டினா முன்னாடி உக்காந்திருக்கிறவனுக்குக் கேக்காதா? அவர் இடத்துல உக்காந்து நான் பாக்கணும். அப்புறம் நீங்க எல்லாரும் போங்க, மீன் பிடிங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

சின்னவன் டீயைக் கோப்பையில் ஊற்றினான். கோப்பை நிரம்பியும் நிறுத்தவில்லை, மேஜையெல்லாம் வழிந்தது. போதும்ப்பா என்றார் தலைவர். அவர் டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போனார்.

அவர் பூட்ஸ் சத்தம் தெருவில் மறைகிறவரை அண்ணி மேஜையில் வழிந்த டீயைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "உனக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

"இல்ல அண்ணி."

"ஒண்ணுமே?"

"தண்ணி சத்தம் மாதிரி ஏதோ... அண்ணன் வாளியில தண்ணி மொள்றார்னு நெனச்சேன்."

"இதை நீ இதுவரைக்கும் சொல்லலையே."

"இப்பத்தான் நெனப்பு வந்துச்சு."

அண்ணி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் பென்சிலைத் தொலைத்துவிட்டு, பையில்தான் இருக்கிறது என்று சொல்லும்போது இப்படித்தான் பார்ப்பாள். இப்போது சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. சொன்னால் என்ன செய்வாள்? அடிப்பாளா? அடித்தால் நல்லது. வெளியே போ என்பாளா? போய்விடலாம். ஆனால் ஒன்றுமே சொல்லாமல் முள் கட்ட உட்கார்ந்துவிட்டால், அதை அவனால் தாங்க முடியாது.

"அண்ணி..."

"என்ன?"

"நாளைக்கு ரெண்டு ஸ்வெட்டரா போட்டுக்குங்க."

அவள் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த முள்ளை எடுத்தாள்.

மறுநாள் காலையில் படகுத்துறையில் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். அண்ணி புருஷனின் பழைய கோட்டைப் போட்டிருந்தாள். கை நீளம் அதிகம் என்பதால் மணிக்கட்டில் மடித்துவிட்டிருந்தாள். தலைவர் அவளுக்குக் கைகொடுத்துப் படகில் இறக்கினார். அவள் நேராகப் பின்பக்கம் போய் ஸ்பீக்கர் உட்காருகிற பலகையில் உட்கார்ந்தாள்.

இரும்புக் கம்பத்துக்கு அருகில் மோட்டாரை நிறுத்தினான். அங்கிருந்து துடுப்பு. அண்ணிக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் அப்பாவும் இதே துறையில் மீன் பிடித்தவர். பூட்ஸை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கம்பளத்தின் மேல் வெறும் காலுறையோடு காலைப் பதித்து உட்கார்ந்தாள். கரை தூரமாகிக்கொண்டே போனது. வெயில் தண்ணீரில் அடித்துக் கண்ணைக் கூசவைத்தது, ஆனால் அந்த வெயிலில் சூடு இல்லை. இரண்டு பக்கமும் சேற்று மேடு வெளியே கிடந்தது. அதன் ஓரமாக மெல்லிய பனிக்கட்டி விளிம்பு.

மடுவுக்கு வந்ததும் அவன் நங்கூரத்தைக் கயிற்றோடு இறக்கினான். வழக்கமாக இருபது பிடி கயிறு போகும். ஒவ்வொரு பிடிக்கும் அவனுக்கு உயிர் போய் வந்தது. நங்கூரம் எங்கே போய் உட்காருகிறது, எதன் மேல் உட்காருகிறது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு இறால் துண்டை முள்ளில் குத்தினான், அண்ணி கட்டிய முள். நரம்பை விட்டான். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். அண்ணிக்கு முதுகு.

பத்து நிமிஷம் போனது. இருபது நிமிஷம் போனது. வற்றிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. நரம்பு செங்குத்தாகத் தொங்கியது. நரம்பைக் கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் இறக்கி, அடியில் இரையை ஊரவிட்டுக்கொண்டிருந்தான். வெட்டிவிட்ட கையுறையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த விரல் சிவந்து, பிறகு வெளுத்துப்போனது. கனம் ஏறினால் அது மீனா அண்ணனா என்று எப்படித் தெரியும்? மேலே இருக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஏறாமலே போகட்டும், மீன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று வேண்டிக்கொண்டான். நாற்பது வீட்டுக்காரர்கள் கரையில் நிற்பது நினைவுக்கு வந்து அந்த வேண்டுதலும் அசிங்கமாகத் தோன்றியது.

பின்னால் அண்ணி மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் என்ன பார்க்கிறாள்? தண்ணீரையா, தன் முதுகையா? அவன் ஒரு முடிவுக்கு வந்தான். கரைக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும். துறைவரைக்கும்கூட வேண்டாம், கம்பத்தைத் தாண்டியதும் துடுப்பை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். தட்டினார் அண்ணி, எனக்குக் கேட்டது. இந்த நாலு வார்த்தை. அப்புறம் நடக்கிறது நடக்கட்டும். முடிவெடுத்ததும் நெஞ்சு கொஞ்சம் இளகியது. பதினோரு நாளில் முதல் தடவையாக அவன் முழு மூச்சு விட்டான்.

அப்போது விரலில் கனம் ஏறியது.

மீன்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தேழு வருஷமாகத் தெரிந்த கனம். மீன் மடுவுக்குத் திரும்பி வந்துவிட்டது, உள்ளே நிறைய இருக்கிறது. பயம், அழுகை எல்லாம் எங்கோ போய்விட்டது. உடம்பு முழுக்க அந்த ஒரு விரலுக்குள் இறங்கிவிட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

டொக், டொக்.

நான்கு எண்ணும்போதுதான் அவன் தன் இடது கையைக் கவனித்தான். அது பின்னால் நீண்டு, உள்ளங்கையைக் கவிழ்த்து, இரண்டு முறை அமுக்கிவிட்டு, காற்றில் நின்றுகொண்டிருந்தது.

கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. ஐந்து எண்ண மறந்துவிட்டான்.

"திரும்பு" என்றாள் அண்ணி. மூச்சோடு மூச்சாக வந்த குரல்.

திரும்பினான். அவள் படகின் விளிம்பில் சாய்ந்து, கையை வெளியே விட்டு, தண்ணீர் மட்டத்தில் பலகையின் வெளிப்பக்கத்தில் விரல் முட்டியை வைத்திருந்தாள். கோட்டின் கை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கும் கைய காட்டினியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா அண்ணி."

"எத்தனை தடவ தட்டினார்?"

"ரெண்டு."

"நீ கைய காட்டினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அப்புறம்?"

"அப்புறம் தட்டல."

அண்ணி கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள்.

"அப்ப பாத்திருக்கார்" என்றாள்.

சின்னவன் அதை இந்தப் பதினோரு நாளும் நினைக்காமல் இருக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தான். திரும்பியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றுதான் தன்னைத் தானே அடித்துக்கொண்டான். அண்ணன் அந்தக் கையைப் பார்த்திருப்பார், பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார் என்பதற்குப் பக்கத்தில் போகாமலே இருந்தான்.

"முப்பத்தி மூணு வருஷம் நான் சொல்லி ஒரு நாளாவது அந்த வாய் மூடியிருக்குமா?" அண்ணியின் உதடு கோணியது. "நீ கைய காட்டினதும் மூடிக்கிட்டார்."

"தெரியாம அண்ணி. சத்தியமா தெரியாம. கனம் ஏறியிருந்துச்சு, அதான்..." நரம்பு இன்னும் அவன் விரலில் இருந்தது. கனமும் இருந்தது. கண்ணீரைத் துடைக்க ஒரு கைதான் மிச்சம். "என்னைத் திட்டுங்க. வாய்விட்டுக் கத்துங்க அண்ணி. பிடிச்சு தண்ணியில தள்ளுங்க. ஏதாவது பண்ணுங்க."

அவனும் கிசுகிசுப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அது அவனுக்குத் தெரியவில்லை. அண்ணிக்குத் தெரிந்தது.

"இங்க எப்படிடா கத்துறது?" என்றாள் அதே கிசுகிசுப்பில். "மீன் கலைஞ்சிடும்."

சொல்லிவிட்டு அவள் நனைந்த கோட்டுக் கையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். கரையில் நின்றிருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.